கடலோரக் குடியிருப்புகளில் கழிவுநீர்க் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

கடற்கரையை ஒட்டிய குடியிருப்புகளில் கழிவுநீர்க் கோளாறு தலைகாட்டும் இடம் ஒன்றாகவும், அது பிறக்கும் இடம் வேறாகவும் இருப்பதே வழக்கம். கழிப்பறையில் நீர் இறங்காமல் நிற்கும். கோளாறு வெளியே மணலுக்கு அடியில் இருக்கும். கிணற்று நீர் நாறும். காரணம் சில வீடுகள் தள்ளியிருக்கும் மலத்தொட்டியாக இருக்கும். மேட்டுநிலத்துக்கென எழுதப்பட்ட பராமரிப்புக் குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பல நேரங்களில் தவறான இடத்தைத்தான் தோண்டிக்கொண்டிருப்போம். நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு மிக அருகில் இருப்பதும், அது கடலின் ஏற்ற வற்றத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதும், மணல் கழிவுநீரை விரைவாகக் கடத்திவிடுவதும், கடல்நீரின் உப்பு குழாய், கான்கிரீட், ஆய்வு முடிவு ஆகிய அனைத்தையும் பாதிப்பதும் கடலோரத்துக்கே உரிய சிக்கல்கள்.

ஆகவே பழுது பார்க்கத் தொடங்குவதற்கு முன் ஒரு குறிப்பேடு வேண்டும். அறிகுறி தோன்றிய நாள், நேரம், அப்போது கடல் ஏற்றத்தில் இருந்ததா வற்றத்தில் இருந்ததா, அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் மழை பெய்ததா, வீட்டில் வழக்கத்தைவிட அதிகப் பேர் தங்கியிருந்தார்களா என்ற ஐந்து விவரங்களையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகுந்தும், அட்டமியை ஒட்டிக் குறைந்தும் இருக்கும் என்பதால் இரண்டையும் உள்ளடக்கும் வகையில் குறைந்தது பதினைந்து நாள்களுக்காவது இந்தப் பதிவு தொடர வேண்டும். கடலில் ஏற்றம் உச்சத்தைத் தொட்டுச் சில மணி நேரம் கழித்தே உள்நிலத்தின் நீர்மட்டம் உச்சத்தைத் தொடும். கடலிலிருந்து தள்ளிப்போகப் போக இந்தத் தாமதம் கூடும், ஏறி இறங்கும் அளவு குறையும். இதை நினைவில் வைத்தே பதிவைப் படிக்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் எதையும்விட இந்தப் பதிவே பெரும்பாலான கோளாறுகளை அடையாளம் காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: கழிப்பறையில் நீர் மெதுவாக இறங்குகிறது, அல்லது மேலேறி வருகிறது

ஒரே ஒரு கழிப்பறையிலோ ஒரே ஒரு கழுவுதொட்டியிலோ மட்டும் நீர் தேங்கி, வீட்டின் பிற இடங்களில் நன்றாக இறங்கினால், அது அந்தக் கிளைக் குழாயின் அடைப்பு. அதற்கும் கடலுக்கும் தொடர்பில்லை. அடைப்பை நீக்கினால் போதும். வீடு முழுவதும் எல்லா நேரத்திலும் நீர் தேங்கினால் மலத்தொட்டி நிறைந்திருக்கலாம், அல்லது அதற்குச் செல்லும் முதன்மைக் குழாய் அடைபட்டிருக்கலாம். பெரிய ஏற்றத்தின்போதோ பெருமழைக்குப் பின்னரோ மட்டும் தேங்கி, பிறகு தானாகவே சரியானால், தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியோ கசிவுப் படுகையோ நிலத்தடி நீரில் மூழ்குகிறது என்று பொருள். குறிப்பேடு பயன்படும் முதல் இடம் இதுதான்.

இதை உறுதிசெய்ய மலத்தொட்டியின் ஆய்வு மூடியைத் திறந்து, உள்ளே இறங்காமலும் தலையை நீட்டாமலும், திரவத்தின் மேல்மட்டம் வெளிச்செல்லும் குழாயின் அடிவிளிம்புக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். நன்றாக இயங்கும் தொட்டியில் திரவம் அந்த விளிம்போடு சமமாக நிற்கும். அதற்குக் கீழே நின்றால் தொட்டியின் சுவரோ அடித்தளமோ கசிகிறது. வீட்டில் நீர் தேங்கவும் செய்தால், கூடவே வீட்டுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட குழாயும் அடைபட்டிருக்கிறது. விளிம்புக்கு மேலே நின்றால் கோளாறு தொட்டிக்கு அப்பால் இருக்கிறது: வெளிச்செல்லும் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது நிலம் இனி நீரை ஏற்க மறுக்கிறது. சுவரில் விளிம்புக்கு மேலே கறுத்த கோடு ஒன்று படிந்திருந்தால், இப்போது மட்டம் சரியாகத் தோன்றினாலும் முன்பு எப்போதோ அது உயர்ந்து இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

தொட்டியிலுள்ள கசடு வண்டலும் மேலே மிதக்கும் படலமும் சேர்ந்து கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் அதை வெளியேற்ற வேண்டும் என்பது பொது விதி. கடலோரத்தில் இதனுடன் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நாளில் தொட்டியை முழுவதும் காலிசெய்தால், அது இடம்பெயர்த்திருக்கும் ஒவ்வொரு கன மீட்டர் நீருக்கும் ஏறத்தாழ 1,000 கிலோ மேல்நோக்கிய உந்துவிசை தொட்டியின் மீது செயல்படும். எடை குறைந்த பிளாஸ்டிக், கண்ணாடியிழைத் தொட்டிகள் தரையைப் பிளந்துகொண்டு எழும்பிவிடும். கான்கிரீட் தொட்டிகளில் குழாய் இணைப்புகள் முறியும். எனவே அட்டமியை ஒட்டிய வற்ற நேரத்தில், மழையில்லாத நாளில் கசடை வெளியேற்றி, உடனே தொட்டியில் நீரை நிரப்பிவிடுவது பாதுகாப்பானது.

கசடை வெளியேற்றும்போதே இன்னொரு சோதனையையும் செய்துவிடலாம். மட்டம் விளிம்புக்குக் கீழே இறங்கியதும் வெளிச்செல்லும் குழாயைக் கவனியுங்கள். அதன் வழியாக நீர் தொட்டிக்குள் திரும்பி வழிந்தால் கசிவுப் படுகை நிறைந்து கிடக்கிறது. அப்படித் திரும்பி வரும் நீர் உப்புக் கரித்தால் (சுவைத்துப் பார்க்காமல், மின்கடத்துதிறன் மானியால் அளக்க வேண்டும்) கடல்நீர் கலந்த நிலத்தடி நீர் படுகைக்குள் நுழைகிறது. இந்த நிலையில் எத்தனை முறை கசடை அள்ளினாலும் பயனில்லை. சில நாள்களில் மீண்டும் அதே நிலை வரும்.

நிலையான தீர்வு படுகையை உயர்த்துவதுதான். படுகையின் அடிமட்டத்துக்கும், ஆண்டின் மிக உயர்ந்த நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் காற்றோட்டமுள்ள உலர் மணல் குறைந்தது 60 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருந்தால்தான் கழிவுநீர் வடிந்து சுத்தமாகும். இயற்கையில் அவ்வளவு இடைவெளி இல்லாத இடத்தில் மணல்மேடு அமைத்து, கழிவுநீரைப் பம்பு மூலம் மேலே ஏற்றி, சிறுசிறு அளவாக விட வேண்டும். அதற்கும் இடமில்லாத நெருக்கமான குடியிருப்புகளில் தனித்தனி உறிஞ்சுகுழிகளைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் செலவு. நீர் கசியாத தொட்டிகளோடு இணைந்த பொதுக் குழாய் அமைப்பும் பொதுச் சுத்திகரிப்பும்தான் அங்கே பொருந்தும். வெறும் உறிஞ்சுகுழியை இன்னும் ஆழமாகத் தோண்டுவது மட்டும் கூடவே கூடாது. ஆழம் கூடுவதால் கழிவுநீர் வடியும் வேகம் சிறிது காலம் கூடுவதுபோல் தோன்றும். உண்மையில் கழிவை நேரடியாக நிலத்தடி நீருக்குள் ஊற்றுகிறோம்.

பொதுக் குழாயில் இணைந்த வீடுகளில் ஏற்றத்தின்போது மட்டும் நீர் திரும்பி வந்தால், குழாய் சென்று சேரும் வாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்றும், இருந்தால் அது முழுவதுமாக மூடுகிறதா என்றும் பாருங்கள். சிப்பியும் ஒட்டுயிரிகளும் படிந்தோ ஒரு துண்டு மரம் சிக்கியோ மடல் முழுமையாக மூடாமல் நிற்பது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பழுது. வற்றத்தின்போது சுரண்டித் துடைத்துவிட்டால் அன்றே சரியாகும்.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம்

வீட்டுக்குள் மட்டும், அதிலும் பயன்படாத குளியலறையில் நாற்றம் வந்தால், வடிகுழாயின் வளைவில் நின்று வாயுவைத் தடுக்கும் நீர்ப்பூட்டு வறண்டிருக்கும். ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள்; நாற்றம் நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் கூரைக்கு மேலே செல்லும் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தெருவிலோ பம்பு நிலையத்திலோ நாற்றம் நிலையாக இருந்தால் காரணம் வேறு. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. விரிசல் விட்ட குழாய்களின் வழியே அது கழிவுநீருக்குள் புகுந்தால், காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. உள்நாட்டுக் குழாயில் மிதமாக இருக்கும் நாற்றம் கடலோரக் குழாயில் கடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்த வாயு குழாயின் மேற்பகுதியில் ஈரத்தோடு சேர்ந்து, வேறு வகை நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டை அரிக்கிறது. ஆளிறங்கு குழியின் மூடிக்குக் கீழே சுவர் வெளுத்து, கைபட்டால் உதிரும் மாவாகி, உள்ளிருக்கும் ஜல்லி துருத்திக்கொண்டிருந்தால் அரிப்பு முற்றிவிட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே சுவர் நன்றாக இருக்க, மேலே மட்டும் உதிர்ந்திருப்பதே இந்த அரிப்பின் தனி அடையாளம். வாசனைப் பொருள் எதை ஊற்றினாலும் இது நிற்காது. கடல்நீர் புகும் விரிசலை அடைப்பதும், கழிவுநீர் நீண்ட நேரம் தேங்காதபடி ஓட்டத்தைச் சீராக்குவதுமே தீர்வு.

இந்த வாயுவைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் மூக்கு அதை உணரும் திறனை இழந்துவிடுகிறது; 500 முதல் 700 பங்கு வரை சென்றால் சில நிமிடங்களில் ஆள் மயங்கி விழுவார், அங்கேயே கிடந்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் உயிரிழப்பார். ஆகவே 'நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம்' என்ற எண்ணமே உயிரைப் பறிக்கும். மலத்தொட்டிக்குள்ளோ ஆளிறங்கு குழிக்குள்ளோ எவரும், எந்தக் காரணத்துக்காகவும், வாயுமானி, காற்றூட்டம், மீட்புக் கயிறு, மேலே நிற்கும் துணையாள் ஆகியவை இல்லாமல் இறங்கக் கூடாது. இறங்கச் சொல்லவும் கூடாது. ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் பாய்ந்தவர்களும் அடுத்தடுத்து விழுந்து இறப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது. இயந்திரத்தால் செய்ய முடியாத வேலை என்றால், இயந்திரம் வரும்வரை அந்தக் கழிவு தேங்கியே கிடக்கட்டும்.

அறிகுறி: கிணற்று நீரின் சுவை, மணம், நிறம் மாறிவிட்டது

கடலோரக் கிணற்றைக் கெடுப்பவை இரண்டு: கடல் ஒரு பக்கமிருந்தும் கழிவுநீர் மறுபக்கமிருந்தும் வருகின்றன. இவற்றைப் பிரித்தறியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் பலன் தராது.

உப்புக் கரிப்பு மட்டும் கூடியிருந்தால் அது பெரும்பாலும் கடல்நீர் ஊடுருவல். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருப்பதால், நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே குடிநீரில் சுவை தெரியத் தொடங்கும் 250 மில்லிகிராம் என்ற அளவு தாண்டிவிடும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், பம்பு வைத்து இறைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் நிலையாகத் தாழ்த்தினாலும், கீழிருந்து உப்புநீர் 20 மீட்டர்வரை எழும்ப இடமளிக்கிறோம். இறைப்பைக் குறைப்பதும், பலருக்கும் சேர்த்து ஆழமற்ற பரந்த கிணறுகளில் இருந்து சிறுகச் சிறுக எடுப்பதும்தான் இதற்கு வழி.

உப்பு கூடாமல் மணமோ நுரையோ வந்தால் கழிவுநீரைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே அம்மோனியா, நைட்ரேட் ஆகிய இரண்டையும் சேர்த்து அளப்பது நிறையச் சொல்லும். மலத்தொட்டியில் இருந்து வெளிவரும் நீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகவே இருக்கும். காற்றோட்டமுள்ள உலர் மண்ணின் வழியே வடிந்தால் அது நைட்ரேட்டாக மாறும். எனவே கிணற்றில் நைட்ரேட் கூடி, அம்மோனியா இல்லாமல் இருந்தால் கழிவுநீர் ஓரளவு மண்ணால் வடிகட்டப்பட்டு வந்திருக்கிறது. கிணற்றுக்கு மிக அருகில் தொட்டிகள் நெருக்கமாக இருப்பதே சிக்கல். அம்மோனியாவே கிணற்றை எட்டியிருந்தால், அருகில் எங்கோ ஒரு படுகை நிலத்தடி நீரில் மூழ்கி, கழிவுநீர் வடிகட்டப்படாமல் நேரடியாக வருகிறது. இரண்டாவது நிலையே ஆபத்து மிகுந்தது. நோய்க்கிருமிகளும் அதே வழியில் தடையின்றி வரும்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும், எந்த 100 மில்லிலிட்டர் மாதிரியிலும் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா இருக்கவே கூடாது என்றும் உலக சுகாதார அமைப்பு வரையறுத்திருக்கிறது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். நைட்ரேட் அழியாது, ஆவியாகி நீர் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். எனவே நைட்ரேட் மிகுந்த நீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

களத்தில் எளிதாகச் செய்யும் சோதனையாக, ஒரு சிறு புட்டியில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்து, அதற்குள் இருக்கும் காகிதப் பட்டை கறுக்கிறதா என்று பார்க்கும் ஹைட்ரஜன் சல்பைடு புட்டிச் சோதனை பரவலாகப் பயன்படுகிறது. கடலோரத்தில் இதன் முடிவை அப்படியே ஏற்க வேண்டாம். சல்பேட் மிகுந்த உவர்நீரில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிரிகளும் அந்தப் பட்டையைக் கறுக்கச் செய்யும். மலக்கலப்பே இல்லாத கிணறும் கெட்டதாகத் தோன்றும். புட்டி கறுத்தால் ஈ.கோலை சோதனைக்கு அனுப்பி உறுதிசெய்யுங்கள். அந்த முடிவு வரும்வரை நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட சிறிது நேரத்திலேயே குளோரின் மணம் மறைந்துவிடுகிறது என்று பலர் குறை கூறுவார்கள். அம்மோனியா கலந்த நீரில் குளோரின் முதலில் அதனோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் செலவான பிறகுதான் கிருமியைக் கொல்லும் குளோரின் மிஞ்சும். ஆகவே மருந்து தரமற்றது என்று முடிவுகட்டுவதற்கு முன் அம்மோனியாவை அளந்து பாருங்கள். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் கிருமிநீக்கம் நடந்திருக்கிறது. அதன் பிறகும் கலப்பின் மூலம் அடைக்கப்படாதவரை அடுத்த பெரிய ஏற்றத்தில் கிணறு மறுபடியும் கெடும்.

எந்தத் தொட்டியில் இருந்து வருகிறது என்பதை அறிய, ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் தீங்கற்ற ஒளிர்பச்சைச் சாயம் கரைத்து விட்டுக் கிணற்றைக் கண்காணிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு தொட்டிக்கு மட்டுமே செய்ய வேண்டும், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். சாயம் ஓரிரு நாளில் வராததால் தொடர்பில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்து மாவி தீவில், சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீரை நிலத்துக்குள் செலுத்தும் கிணறுகளில் 2011 ஜூலையில் விட்ட சாயம், கரையோரக் கடலடி ஊற்றுகளில் 84 நாள்கள் கழித்தே தென்பட்டது. 'கடலில் விடவில்லை, நிலத்துக்குள்தான் விடுகிறோம்' என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது. நிலத்தடி வழியாகச் சென்றாலும், நேரடியாகக் கடலில் விடுவதற்கு நடைமுறையில் சமமானது என்றால் அதற்கும் அனுமதி தேவை என்று இது தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

அறிகுறி: உப்பங்கழியில் பச்சைப் பாசி படர்கிறது, அதிகாலையில் மீன்கள் மிதக்கின்றன

மீன்கள் எந்த நேரத்தில் இறக்கின்றன என்பதே இங்கு முக்கியம். பகலில் பாசி உயிர்வளியை (ஆக்சிஜனை) வெளியிடும். இரவில் அதுவே உயிர்வளியை உட்கொள்ளும். எனவே விடியலுக்குச் சற்று முன் நீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். நண்பகலில் அளந்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது பெரும் பிழை. விடியற்காலையில், நீரின் அடிப்பகுதியில் அளந்து பார்க்க வேண்டும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலான மீன்களுக்கு அங்கே வாழ வழியில்லை. நேரம் காலம் இல்லாமல் திடீரென எல்லா வகை மீன்களும் ஒரே நாளில் இறந்தால் அது உயிர்வளிக் குறைவாக மட்டும் இருக்காது; நச்சு வேதிப்பொருள் கலந்ததா என்று தனியே பார்க்க வேண்டும்.

பாசிக்கு உணவு கழிவுநீரின் நைட்ரஜன். ஒருவரின் கழிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ நைட்ரஜன் இருக்கிறது, அதில் பெரும்பகுதி சிறுநீரில். பழுதில்லாமல் இயங்கும் மலத்தொட்டியும் கசடைப் பிடித்துவைக்குமே தவிர, நைட்ரஜனில் பெரும்பங்கை வெளியே விட்டுவிடும். எனவே எல்லாத் தொட்டிகளும் நன்றாக இயங்கும் குடியிருப்பின் ஓரத்திலும் பாசி படரலாம். அப்போது எந்த வீட்டையும் குற்றம் சொல்லிப் பயனில்லை, அமைப்பையே மாற்ற வேண்டும். சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பறைகள், நைட்ரஜனை நீக்கும் பொதுச் சுத்திகரிப்பு, செடிகள் வளர்த்த வடிகட்டுப் படுகைகள் ஆகியவை வழிகள். அலையாத்திக் காட்டைக் கழிவு வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்று எண்ணி அதற்குள் நேரடியாகக் குழாயைத் திருப்பிவிடுவது அந்தக் காட்டையும் அதில் குஞ்சு பொரிக்கும் மீனினங்களையும் சேர்த்தே கெடுக்கும்.

கழிவை நிறுத்தினால் கடல் மீளும் என்பதற்கு நம்பிக்கையூட்டும் சான்று உண்டு. ஹவாயின் கனியோகே விரிகுடாவில் பவளத்திட்டுகளைப் பச்சைப் பாசி மூடியிருந்தது. அங்கே விடப்பட்ட கழிவுநீர் 1977–78இல் ஆழ்கடல் பக்கம் திருப்பிவிடப்பட்ட பின் நீர் தெளிந்தது, பாசி குறைந்தது, பவளம் மீண்டும் வளரத் தொடங்கியது. ஆயினும் அடிமண்ணில் சேர்ந்துவிட்ட சத்து மெல்லவே கரையும் என்பதால் மறுமாதமே மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது.

அறிகுறி: கடலில் குளித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு, காதுவலி, தோல் தடிப்பு

தோல் அரிப்பு மட்டும் என்றால் சொறிமீன் துணுக்குகளும் காரணமாக இருக்கலாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்து, அதுவும் மழைக்கு மறுநாள் குளித்த பலருக்கும் வந்தால், வடிகாலில் கழிவுநீர் கலக்கிறது. கடல்நீரைச் சோதிக்க ஈ.கோலையைவிட எண்டிரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா நம்பகமானது. உப்புநீரில் அது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். உலக சுகாதார அமைப்பு 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 100 மில்லிலிட்டருக்கு 40 வரை இருப்பது மிகச் சிறந்த பிரிவாகவும், 500க்கு மேல் செல்வது மிக மோசமான பிரிவாகவும் வகுக்கப்பட்டுள்ளது. வெயில் இந்த நுண்ணுயிரிகளைச் சில மணி நேரத்திலேயே பெருமளவு அழித்துவிடும் என்பதால் மாதிரியைக் காலையிலேயே எடுக்க வேண்டும். பிற்பகல் மாதிரி பொய்யான ஆறுதலைத் தரும்.

மூலத்தைக் கண்டுபிடிக்க வடிகாலின் நடுவில் ஒரு மாதிரி எடுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் கலப்பு அதற்குக் கீழே, கெட்டிருந்தால் மேலே. அந்தப் பாதியை மீண்டும் இரண்டாகப் பிரித்துச் சோதியுங்கள். மழையில்லாத நாளில் நீர் ஓடும் வடிகால் எதுவாயினும் அதை முதலில் சந்தேகியுங்கள்.

செலவில்லாத நல்ல உத்தி ஒன்றும் இருக்கிறது. சலவைத்தூளில் துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்ப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது துணி துவைத்த நீரோடு கழிவில் கலந்து, பருத்தியில் ஒட்டிக்கொள்ளும். வெளுக்கப்படாத பருத்திப் பஞ்சை வலைப்பைக்குள் வைத்து, சந்தேகப்படும் ஒவ்வொரு குழாய்வாயிலும் கட்டி, ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு மெல்ல அலசி, உலர்த்தி, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழே வைத்துப் பாருங்கள். சேறு படிந்து பழுப்பாகக் கிடக்கும் பஞ்சு இழைக்கு இழை நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அந்தக் குழாயில் வீட்டுக் கழிவுநீர் வருகிறது. பயன்படுத்தாத பஞ்சு ஒன்றையும் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். வெளுத்த பஞ்சை வாங்கியிருந்தால் அது முன்பே ஒளிரும், சோதனை வீணாகும்.

மூலம் அடைபடும்வரை, மழைக்குப் பின் மூன்று நாள்கள் குளிக்க வேண்டாம் என்று கரையில் எழுதி வைப்பதே பொறுப்பான செயல்.

அறிகுறி: சிப்பி, மட்டி உண்டவர்களுக்கு நோய்

சிப்பி நீரை வடிகட்டியே உண்பதால், வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் வடிகட்டக்கூடும். நீரில் அரிதாக இருக்கும் வைரஸும் அதன் உடலில் செறிந்துவிடும். 1988இல் ஷாங்காயில் கழிவுநீர் கலந்த பகுதியில் எடுத்த மட்டிகளை அரைவேக்காடாக உண்டதால் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று பரவியது. நீரில் எண்டிரோகாக்கஸ் குறைந்துவிட்டது என்பதைக் கொண்டு சிப்பி பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சிப்பிகளைச் சுத்தமான நீரில் விட்டுவைத்தால் பாக்டீரியா விரைவில் வெளியேறும், வைரஸ் எளிதில் வெளியேறாது. கழிவுநீர் விடும் வாய்க்கு அருகே சேகரிப்பதை நிறுத்துவதும், நன்றாக வேகவைப்பதும் தவிர வேறு பாதுகாப்பில்லை. வெப்பமான உவர்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா கழிவுநீர் இல்லாமலும் இயல்பாக வாழும். திறந்த காயத்தோடு நீரில் இறங்கியவருக்கு ஒரே நாளில் வீக்கமும் கொப்புளமும் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறி: கழியில் திடீரெனக் கறுத்த நீர், ஓரிரு மணி நேரத்தில் மறைகிறது

நாள் முழுவதும் தெளிவாக இருக்கும் நீர் இரவிலோ அதிகாலையிலோ மட்டும் கறுத்து நாறினால், கசடு லாரி கொட்டிவிட்டுச் சென்றிருக்கும். ஒரு லாரிக் கசடு சாதாரணக் கழிவுநீரைவிடப் பன்மடங்கு செறிவானது என்பதால் சிறிய கழி ஒன்றை ஒரே இரவில் உயிர்வளியற்றதாக்கிவிடும். இங்கே கரையோர மக்கள் ஓட்டுநரோடு மல்லுக்கு நிற்பதைவிட, அவர் சட்டப்படி கொட்டுவதற்கு எட்டும் தூரத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பதே பயனுள்ளது. பெரும்பாலும் இருக்காது, அல்லது இரவில் பூட்டியிருக்கும். வெள்ளம் ஏறாத மேட்டில் உலர்த்தும் படுகைகளும், இரவிலும் திறந்திருக்கும் வாயிலும், ஒவ்வொரு நடைக்கும் ரசீதும் ஏற்பாடானால் கழியில் கொட்டுவது பெருமளவு குறையும்.

பழுது நீங்கியதா என்று உறுதிசெய்தல்

எந்தத் திருத்தத்துக்குப் பின்னரும், முன்பு அறிகுறி தோன்றிய அதே இடத்தில், அதே நேரத்தில், அதே அளவு ஏற்றத்தில் மீண்டும் அளக்க வேண்டும். அட்டமி வற்றத்தில் எடுத்த நல்ல முடிவு, அமாவாசை ஏற்றத்தில் கெட்ட கிணற்றுக்கு விடையாகாது. கிணறு, படுகை, வடிகால் எதுவாயினும் குறைந்தது இரண்டு பெரிய ஏற்றங்களும் ஒரு நல்ல மழையும் கடந்த பின் எடுத்த மாதிரிகள் சுத்தமாக இருந்தால் மட்டுமே பழுது நீங்கியதாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதுவரை கொதிக்கவைத்த நீரே குடிநீர், எச்சரிக்கைப் பலகையும் கரையிலேயே நிற்க வேண்டும்.